பெயர்த்தெழுதப்படும் மின்மடல்கள்: புலம்பெயர் தமிழரின் பழைய அஞ்சற்கோப்புகளும் இணைய அஞ்சற்பெட்டியும்

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரின் அண்மைக்கால வரலாற்றுக்குத் தனிக்கடிதம் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. 1980களில் யாழ்ப்பாணத்துக்கும் பாரிசு, ஒஸ்லோ, டொராண்டோ முதலிய நகரங்களுக்கும் இடையே சென்றுவந்த வான்மடல்களைப் பேணுவதன் தேவையை நூலகங்கள் நன்கறியும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அம்மடல்களின் இடத்தை மின்னஞ்சல் சிறிது சிறிதாகப் பிடித்தது. அப்பத்தாண்டின் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் எழுதியோரின் வீட்டுக் கணினிகளிலேயே தங்கின. பின்னர் அக்கணினிகள் பழுதுபட்டபோதும் கைவிடப்பட்டபோதும், மடல்கள் கோப்புகளாகத் திரட்டப்பட்டு இணையவழி அஞ்சற்பெட்டிகளுக்கு மாற்றப்பட்டன. இன்றும் மாற்றப்பட்டு வருகின்றன.

இம்மாற்றம் பொதுவாகச் சேமிப்பிட மாற்றமாகவே கருதப்படுகிறது. தமிழ் மடல்களைப் பொறுத்தவரை அது ஏடு பெயர்த்தெழுதுவதற்கு நிகரான செயல். பெயர்த்தெழுதுவோரின் கவனமும் கவனக்குறைவும் பிரதியில் படிவதைப் போல, மாற்றப் பயன்படும் கருவியின் இயல்பும் மடலில் படிகிறது. உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட மடல் சேதமின்றி வந்து சேர்கிறது. தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட மடலே சிதைகிறது. இவ்வாறு திரளும் ஆவணத்தை நம்பும் வருங்கால ஆய்வாளர், 1995 முதல் 2004 வரையிலான புலம்பெயர் தமிழர் ஆங்கிலத்திலோ உரோமன் எழுத்துத் தமிழிலோ மட்டுமே எழுதினர் என்னும் முடிவுக்கு வர இடமுண்டு. அம்முடிவு பிழையானது. அப்பிழை எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீட்டுக் கணினியில் தங்கிய மடல்

தொலைபேசி இணைப்பின்வழி இணையத்தை அடைந்த காலத்தில் நிமிடத்திற்குக் கட்டணம் செலுத்தியோர் பலர். வழங்கியில் வந்து கிடக்கும் மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படிப்பதே வழக்கம். அதற்கு உதவிய பாப் என்னும் நெறிமுறை, இறக்கிய மடலை வழங்கியிலிருந்து நீக்கிவிடும் வகையிலேயே பெரிதும் பயன்பட்டது. ஆகவே மடலின் ஒரே படி வீட்டுக் கணினியின் வன்தட்டில் இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988இல் உருவாக்கிய யூடோரா, விண்டோஸுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், அலுவலகங்களில் வழங்கிய அவுட்லுக் ஆகியவை அக்காலத்தின் பரவலான அஞ்சல் மென்பொருள்கள். இவை மடல்களைச் சேமித்த வடிவங்கள் வேறுவேறு. யூடோரா, மடல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் எம்பாக்ஸ் வகைக் கோப்பைப் பயன்படுத்தியது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தனக்கேயுரிய டிபிஎக்ஸ் கோப்பையும், அவுட்லுக் பிஎஸ்டி கோப்பையும் கொண்டிருந்தன. பழைய பிஎஸ்டி கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் திறக்கவியலாமற் போகும்.

1996இல் தொடங்கப்பட்ட ஹாட்மெயில் போன்ற இணையவழி அஞ்சற்பெட்டிகள் இருந்தனவாயினும் அவற்றின் கொள்ளளவு சிறிது. 2004 ஏப்ரல் முதல் நாளில் ஜிமெயில் அறிவிக்கப்பட்டபோது ஹாட்மெயில் இலவசமாக அளித்த இடம் 2 மெகாபைட். ஜிமெயில் அளித்தது 1 ஜிகாபைட். பழைய மடல்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்துத் தேடிப் பார்க்கலாம் என்னும் எண்ணம் அதன் பின்னரே பொதுமக்களிடம் பரவியது. தமிழ் மின்மடலின் எழுத்துநிலை மாறிய காலமும் ஏறத்தாழ அதுவே. இவ்விரு மாற்றங்களும் ஒருங்கே நிகழ்ந்தமையே சிக்கலுக்கு வித்திட்டது.

எழுத்தின் நிலை

மின்னஞ்சலின் அடிப்படை நெறிமுறைகள் 1982இல் வகுக்கப்பட்டபோது அவை ஏழு பிட்டுகள் கொண்ட அஸ்கி எழுத்துகளை மட்டுமே கருத்திற்கொண்டன. பிற மொழிகளுக்கும் இணைப்புகளுக்கும் வழிசெய்த மைம் நெறிமுறை 1992இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு மடலும் தன் தலைப்பகுதியில் தான் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதைக் கூறவேண்டும். பிரெஞ்சு, செருமானிய மடல்கள் அவ்வாறே கூறின. தமிழ் மடல்களால் உண்மையைக் கூற இயலவில்லை. கூறுவதற்கு ஏற்கப்பட்ட பெயர் இல்லை. ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருப்பினும், பொதுப் பயன்பாட்டுக் கணினியில் அது இயங்கும் நிலை விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பின்னரே ஏற்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழர் தாமே வழி கண்டனர்.

அவ்வழிகள் இருவகை. முதல்வகை, அஸ்கி எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள். ஈழத்தமிழரிடையே மிகுதியும் வழங்கிய பாமினி இவ்வகையைச் சார்ந்தது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. எழுத்துருவை மாற்றிவிட்டால் மடல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். எனினும் இவ்வகை மடலுக்கு ஒரு நன்மை உண்டு: ஏழு பிட்டுக்குள் அடங்கியதால் எந்த வழங்கியும் அதைச் சிதைக்கவில்லை.

இரண்டாம் வகை, அஸ்கியை அப்படியே விட்டுவிட்டு, 128க்கு மேற்பட்ட எண்ணிடங்களில் தமிழை வைத்த இருமொழிக் குறியேற்றங்கள். இவற்றுள் புலம்பெயர் தமிழரிடையே பரவலாக ஏற்கப்பட்டது திஸ்கி. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் உள்ளிட்ட பலர், 1990களின் இறுதியில் நாடுகள் கடந்து மின்னஞ்சல் வழியே விவாதித்து அதை வடிவமைத்தனர். அம்மென்பொருளின் பெயரிலேயே அஞ்சல் இருப்பது, அன்றைய தமிழ்க் கணிமை எதை முதற்பணியாகக் கருதியது என்பதைக் காட்டுகிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைச் சில ஆண்டுகள் திஸ்கியில் வெளியிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் வேறிரு குறியேற்றங்களை ஏற்றது. ஆகவே 2000ஆம் ஆண்டளவில் ஒரே குடும்பத்தின் அஞ்சற்பெட்டியில் பாமினி, திஸ்கி, டாப், உரோமன் எழுத்துத் தமிழ் ஆகிய நான்கும் கலந்து கிடந்திருக்கக்கூடும்.

திஸ்கி மடலின் தலைப்பகுதி பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய இலத்தீன் குறியேற்றத்தின் பெயரையே தாங்கியது. பெறுபவர் திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்துகொள்வார் என்பது எழுதாத உடன்பாடு. அவ்வுடன்பாட்டை மனிதர் அறிவர். இணைய அஞ்சற்பெட்டி அறியாது. அது தலைப்பகுதி கூறுவதை நம்பி எழுத்துகளைக் காட்டுகிறது. அப்போது 'தமிழ்' என்னும் சொல், முக்கால் என்னும் பின்னக்குறி, மேற்கீற்றுடைய பெரிய ஏ, சென்ட் நாணயக்குறி, மேற்கீற்றுடைய சிறிய யு ஆகிய நான்குமாகத் திரையில் வந்து நிற்கும்.

இத்தோற்றம் அச்சமூட்டினும் இது இழப்பன்று. பைட்டுகள் மாறாதவரை மடல் உயிருடன் இருக்கிறது. சரியான அட்டவணையைக் கொண்டு அதை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். மெய்யான இழப்பு மூன்று இடங்களில் நிகழ்கிறது. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிவது ஆவணக் காப்பாளருக்கு இன்றியமையாதது.

ஒன்று, எட்டாம் பிட்டின் நீக்கம். பழைய அஞ்சல் வழங்கிகள் சில, ஏழு பிட்டுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டன. அவ்வாறு வெட்டப்பட்ட திஸ்கி மடலில் 'த' என்னும் எழுத்து, கணிதத்தில் 'விடப் பெரிது' என்பதைக் குறிக்கும் கோணக்குறியாகிவிடும். மின்னஞ்சலில் அக்குறி, பிறர் மடலிலிருந்து மேற்கோள் காட்டப்பட்ட வரியின் அடையாளம். எனவே 'தம்பி' என்றோ 'தங்கைக்கு' என்றோ தொடங்கும் வரி, எழுதியவரின் சொல்லாகவன்றி வேறொருவரின் சொல்லாகத் தோன்றும்.

இரண்டு, 'இ' என்னும் உயிரெழுத்தின் மறைவு. திஸ்கியின் தொடக்கப் பதிப்பில் அவ்வெழுத்து அமர்ந்த எண்ணிடம், இலத்தீன் குறியேற்றத்தில் மென்கோட்டுக்கு உரியது. வரி முறியும்போதன்றி அக்கோடு திரையில் தோன்றாது. மென்பொருள்கள் பல அதைத் தேவையற்றதென நீக்கிவிடுகின்றன. பின்னைய பதிப்பு 'இ'க்கு வேறோர் இடம் தந்ததற்கு இதுவே காரணம். ஆனால் அதற்குமுன் எழுதப்பட்ட மடல்களில் 'இல்லை' என்பது 'ல்லை' என்றும் 'இன்று' என்பது 'ன்று' என்றும் நிற்கும். படிக்கத் தெரிந்தவர் ஊகித்துக்கொள்வார். தேடுபொறி ஊகிக்காது.

மூன்று, கிரந்த எழுத்துகளின் சிதைவு. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைத் திஸ்கி 128 முதல் 159 வரையிலான பகுதியில் வைத்தது. இலத்தீன் குறியேற்றத்தில் இப்பகுதி கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு உரியது. அவற்றை நீக்குவதோ வினாக்குறியாக மாற்றுவதோ மென்பொருள்களின் வழக்கம். ஒரு மடலில் இவ்வெழுத்துகள் மிகுதியாக வருமிடம் ஆட்பெயரும் ஊர்ப்பெயருமே. செய்தி எஞ்சிப் பெயர் அழிந்த மடல், வரலாற்றாசிரியருக்குப் பாதி மடலே.

வினாக்குறியாக மாறிய எழுத்தை மீட்க வழியில்லை. இச்சேதத்தை மிகுதியும் தாங்கியவை மடலின் பொருள்வரிகள். தலைப்பகுதியில் அஸ்கி அல்லாத எழுத்தை நேரடியாக எழுத நெறிமுறை இடங்கொடாமையால், தமிழில் எழுதப்பட்ட பொருள்வரி பல வழங்கிகளில் வினாக்குறி வரிசையாகவே பதிவாயிற்று.

பெயர்ப்பின் வழிகள்

பழைய மடல்களை இணைய அஞ்சற்பெட்டிக்கு ஏற்றுவதற்குத் தொடக்கத்தில் கிட்டிய வழி, ஒவ்வொரு மடலையும் புதிய முகவரிக்கு மீண்டும் அனுப்புவது. கையாலும் அனுப்பினர், எம்பாக்ஸ் கோப்பைப் படித்து ஒவ்வொன்றாக அனுப்பும் சிறு நிரல்களும் இருந்தன. சிலப்பதிகாரத்தில் மாதவி விடுத்த ஓலை தன் பெற்றோருக்குத் தான் எழுதுவதாகவும் பொருந்துவது கண்டு, கோவலன் அதையே கோசிகன் கையில் அவர்களுக்கு விடுக்கிறான். எழுத்து அதுவே, எழுதியவரும் பெறுபவரும் மாறிவிடுகின்றனர். மறு அனுப்பலில் நேர்வதும் ஏறத்தாழ இதுவே. கையால் அனுப்பிய மடலில் அனுப்புநர், பெட்டிக்கு உரியவரே ஆகிவிடுகிறார். நிரல்வழி அனுப்பினால் தலைப்பகுதிக்குள் பழைய நாள் இருப்பினும், பட்டியலில் நிற்பது ஏற்றிய நாளாகவே இருக்கும். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்ததைப் பற்றிய மடலும், 2002 பிப்ரவரி போர்நிறுத்த உடன்பாட்டை ஒட்டிய மடலும் பத்தாண்டு கழித்து ஒரே பிற்பகலில் வந்தனவாகப் பட்டியலில் தோன்றினால், வரிசைமுறையை நம்பும் ஆய்வு தடுமாறும்.

மார்க் கிரிஸ்பின் 1986இல் உருவாக்கிய ஐமேப் நெறிமுறை இக்குறையைப் பெரிதும் நீக்குகிறது. அதில் மடல் அனுப்பப்படுவதில்லை, கோப்புறைக்குள் வைக்கப்படுகிறது. வைக்கும்போதே பழைய நாளையும் உடன் குறிப்பிடலாம். தலைப்பகுதி, வழித்தடக் குறிப்புகள், பைட்டுகள் யாவும் மாறாது சேரும். ஜிமெயில் 2007 அக்டோபரில் ஐமேப்பை ஏற்ற பின்னர், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் பழைய கோப்பைத் திறந்து மடல்களை இழுத்துப் புதிய பெட்டியில் விடுவதே ஏற்ற முறையாயிற்று. இம்முறை மெதுவானது. ஐமேப் வழியாக ஒரு நாளில் ஏற்றக்கூடிய அளவு 500 மெகாபைட் என ஜிமெயில் வரையறுத்துள்ளது. 2 ஜிகாபைட் கோப்பை முழுமையாக ஏற்ற நான்கு நாள்களுக்கு மேலாகும். இடையில் இணைப்பு அறுந்தால் எங்கு நின்றது என்பதை எண்ணிப் பார்த்தே தொடரவேண்டும். ஆண்டுவாரியாகக் கோப்புறை பிரித்து ஏற்றுவோர் இத்தொல்லையிலிருந்து தப்புகின்றனர்.

ஐமேப் முறையிலும் இரு இழப்புகள் உள்ளன. ஜிமெயிலில் கோப்புறை என்பது இல்லை, சிட்டைகளே உண்டு. 'அண்ணா', 'கோயில் நிருவாகம்', 'பள்ளிக்கூடம்' என எழுதியவர் வகுத்த கோப்புறைகள் சிட்டைகளாகி, எல்லா மடல்களும் ஒரே காலவரிசையில் கலந்துவிடும். ஆவணவியலில் மூல ஒழுங்கு எனப்படுவது இங்குக் குலைகிறது. மற்றோர் இழப்பு யூடோராவுக்குரியது. யூடோரா, மடலோடு வந்த இணைப்புகளைப் பிரித்தெடுத்து வேறொரு கோப்புறையில் வைத்தது. மடலுக்குள் எஞ்சியது இணைப்பு வைக்கப்பட்ட இடத்தைக் கூறும் ஒரு வரி மட்டுமே. மடற்கோப்பை மட்டும் எடுத்துவந்து ஏற்றியோரின் பெட்டியில் திருமணப் படங்களும் ஊரிலிருந்து வந்த ஒளிவருடிய ஆவணங்களும் இரா. அவை இருந்த வன்தட்டின் முகவரி மட்டும் இருக்கும்.

பாமினி மடலுக்கு உரிய இடர் வேறு. மடல் மீயுரை வடிவில் எழுதப்பட்டிருந்தால், எழுத்துருவின் பெயர் அதனுள் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றுநிரல் அதைக் கண்டு எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி ஆங்கிலம் என அறியலாம். எளிய உரையாக மாற்றி ஏற்றினால் அக்குறிப்பு நீங்கிவிடும். பின்னர் ஒரே எழுத்துகளில் ஆங்கிலமும் தமிழும் கலந்துகிடக்கும். மாற்றுநிரலை முழு மடலின்மீதும் ஏவினால், லண்டன் முகவரியும் விமான எண்ணும் பொருளற்ற தமிழாக மாறும். இடத்தைச் சுருக்கும் நோக்கில் எளிய உரைக்கு மாற்றுவதை, இவ்வகை மடல்களைப் பொறுத்தவரை, ஏடு கழிப்பதற்கு ஒப்பாகவே கொள்ளவேண்டும்.

மீட்பும் ஒப்படைப்பும்

திஸ்கி 2007இல் இணையக் குறியேற்றப் பெயர்களின் பன்னாட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அது வழக்கிழந்துகொண்டிருந்த வேளையில் வந்த அறிந்தேற்பு எனினும், ஆவணக் காப்புக்கு அதனால் பயனுண்டு: மீட்கப்பட்ட மடலின் தலைப்பகுதியைப் பற்றிய குறிப்பில் உண்மைப் பெயரை இனி எழுதலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகத் தொகுப்பே திஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றவல்லது. மாற்றம் எழுத்துக்கு எழுத்து நிகழ்வதன்று. திஸ்கி, தட்டச்சுப்பொறியைப் போலக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளை அடுக்கியது. 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் வரும். ஒருங்குறியில் ககரமே முதலில். 'கொ' என்பதன் இருபுறக் குறிகளையும் ஒன்றாக்கவேண்டும். பைட்டு ஒன்று முன்னரே தொலைந்திருந்தால் இவ்வொழுங்கு அடுத்த எழுத்தையும் தவறச் செய்யும். ஆகவே மாற்றிய படியை மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கோப்பை அழித்தல் கூடாது. திரையில் தெரிவதைப் படியெடுத்து ஒட்டுதலும் கூடாது. பெரும்பாலான சேவைகளில் உள்ள மூலவடிவைக் காட்டும் வசதியின் வழியே எடுத்தால்தான் பைட்டுகள் கிட்டும்.

இணைய அஞ்சற்பெட்டியே காப்பகம் ஆகிவிடாது என்பதும் இங்குக் கருதத்தக்கது. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனியர் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகுள் 2023இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் செயற்படுத்தலாயிற்று. 1990களில் நடுவயதில் புலம்பெயர்ந்து மின்னஞ்சல் கற்றவர்கள் இன்று முதியோர். அவர்தம் மறைவுக்குப்பின் எவரும் திறவாத பெட்டி, பிள்ளைகள் அறியாமலே நீங்கிவிடும். வீட்டின் அடுக்கறையில் கிடக்கும் பழைய வன்தட்டு சில வேளைகளில் அதைவிட நீண்டநாள் நிற்கும்.

பிறநாட்டு நூலகங்கள் இத்துறையில் முன்னேறியுள்ளன. சல்மான் ருஷ்டியின் கணினிகளையும் அவற்றிலிருந்த மின்கோப்புகளையும் எமரி பல்கலைக்கழகம் 2010இல் ஆய்வாளர்க்குத் திறந்தது. கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணங்களோடு ஏறத்தாழ 40,000 மின்னஞ்சல்களைப் பிரித்தானிய நூலகம் 2011இல் பெற்றது. அஞ்சற்கோப்புகளை ஆய்ந்து ஒழுங்குபடுத்தும் ஈபேட் என்னும் மென்பொருளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டுள்ளது. எம்பாக்ஸ் கோப்பை அது நேரடியாக ஏற்கும். தமிழ் அச்சு ஆவணங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து ஆவணங்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகமும் ஆற்றிவரும் பணி, தனியர் மின்மடல்களுக்கும் விரிவதற்கு உரிய நேரம் இது.

அவ்வாறு ஏற்கும் நூலகம் முதலில் எதிர்கொள்வது மந்தணம் பற்றிய கேள்வி. புலம்பெயர் தமிழரின் மடல்களில் புகலிட வழக்கின் விவரம், ஊரிலிருக்கும் உறவினரின் பெயர், பணம் அனுப்பிய வழி ஆகியவை இடம்பெறும். எழுதியவர் ஒப்புதல் தந்தாலும், மடலில் பேசப்பட்டவர் தந்தாரல்லர். இத்தகைய மடல்களைக் கண்டறிந்து குறித்த காலம்வரை மூடிவைப்பதற்கு நூலகங்கள் பெயர்த் தேடலையும் சொற்றேடலையும் நம்புகின்றன. குறியேற்றம் மாற்றப்படாத பாமினி மடலும் திஸ்கி மடலும் அத்தேடலில் அகப்படா. ஆங்கில மடலில் உள்ள பெயர் கண்டறியப்பட்டு மறைக்கப்பட, அதே பெயர் தமிழ் மடலில் எவர் கண்ணிலும் படாமல் பொதுப்பார்வைக்குச் சென்றுவிடும். பின்னொருநாள் எவரேனும் மாற்றுநிரலை ஏவும்போது வெளிப்படும். ஆகவே மூலக்கோப்பைத் தனியே பூட்டிவைத்து, அதன் படியில் எழுத்தை மாற்றி, மாற்றியதைத் தமிழ் அறிந்தோர் சரிபார்த்து, அதன்பின்னரே தேடலும் மறைப்பும் நடத்தி, எந்த நாளில் எந்த அட்டவணையால் மாற்றப்பட்டது என்பதை மடற்றொகுதியின் விவரக்குறிப்பில் பதிவதே பொருந்தும் பணிமுறை.